"மலிவு வீடு" – யாருக்கு மலிவு?

(கட்சியின் நகர்ப்புறப் பொறுப்பாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம். சேமித்து வைத்துப் படியுங்கள், உங்கள் வட்டக் குழுக்களில் பகிருங்கள்.)



இன்னைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு, "மண்டல விதிகளில் மலிவு வீட்டுக்கான வரையறை". பேரைக் கேட்டதும் சில பேர் முகத்துல ஒரு சோர்வு தெரிஞ்சது. நியாயம்தான், தலைப்புலயே ஃபைல் வாடை அடிக்குது. ஆனா நாம தெருவுக்குள்ள போனா தண்ணி, ரேஷன், சாக்கடைக்கு அடுத்தபடியா காதுல விழுற வார்த்தை என்ன? "வாடகை கட்டுப்படியாகலை." "இந்த ஊர்ல ஒரு வீடு வாங்கவே முடியாதா?" அந்தக் கேள்விக்கான பதில் பாதி இந்த ஃபைலுக்குள்ளதான் இருக்கு. அதனால அரை மணி நேரம் பொறுமையா கேளுங்க.

ஊர் முழுக்க விளம்பரப் பலகை பார்க்கிறோம். "அஃபோர்டபிள் ஹோம்ஸ்." "எல்லோருக்கும் ஏற்ற விலையில்." யாருக்கு ஏற்ற விலை? இந்தப் பேரை பில்டர் தன் இஷ்டத்துக்கு வெச்சாரா, சட்டம் கொடுத்ததா? சட்டம் கொடுத்ததுன்னா, எந்தச் சட்டம்? இதுக்கு ஒரே பதில் கிடையாது. நம்ம நாட்டுல மலிவு வீட்டுக்கு ஒரு வரையறை இல்லை, பல வரையறை இருக்கு. ஒண்ணு விலையை வெச்சு அளக்குது. இன்னொண்ணு வருமானத்தை வெச்சு அளக்குது. மூணாவது சதுர அடியை வெச்சு அளக்குது. மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. அந்த இடைவெளியிலதான் ஏழையோட வீடு காணாமப் போகுது.

■ முதல் அளவுகோல்: விலை

2019 ஏப்ரல் 1-லிருந்து ஜி.எஸ்.டி. சட்டப்படி "மலிவு வீடு"ன்னா என்ன தெரியுமா? விலை 45 லட்சத்துக்குள்ள இருக்கணும். சென்னை மாதிரி பெருநகரத்துல கார்ப்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள்ள இருக்கணும், அதாவது சுமார் 646 சதுர அடி. மத்த ஊர்ல 90 சதுர மீட்டர். இதுக்குள்ள வந்தா கட்டி முடிக்காத வீட்டுக்கு வரி 1 சதவீதம். தாண்டினா 5 சதவீதம்.

வாங்குறவர் என்ன சம்பாதிக்கிறார்னு இந்த வரையறை கேட்கவே கேட்காது. சரி, நாம கேட்போம். ஒரு கணக்குப் போடலாம், ஃபோனை எடுத்துக்கோங்க.

வீடு 45 லட்சம். கையிலிருந்து 20 சதவீதம், 9 லட்சம் போடுறோம். அந்த 9 லட்சம் எங்கிருந்து வரும்னு இப்போதைக்குக் கேட்காதீங்க. மீதி 36 லட்சம் பேங்க் கடன். எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம்னு வெச்சுக்கிட்டா லட்சத்துக்கு மாசம் ஏறக்குறைய 868 ரூபாய் இ.எம்.ஐ. மொத்தம் மாசம் 31,000-க்கு மேல. வீட்டுச் செலவு சம்பளத்துல 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுங்கிறது உலகம் முழுக்க ஏத்துக்கிட்ட ஒரு கணக்கு. அப்படிப் பார்த்தா இந்த வீட்டுக்கு மாசம் ஒரு லட்சத்து நாலாயிரம் சம்பாதிக்கணும். வருஷத்துக்கு பன்னிரண்டரை லட்சம்.

பத்திரச் செலவு, பராமரிப்புக் கட்டணம் எதையும் நான் இதுல சேர்க்கலை. அரசாங்கம் "மலிவு"ன்னு முத்திரை குத்தின வீட்டோட உச்ச வரம்பு இது.

■ இரண்டாவது அளவுகோல்: வருமானம்

இப்போ பிரதமர் வீட்டு வசதித் திட்டத்துக்கு வாங்க. அங்க வருமானம்தான் அளவுகோல். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரைக்கும் இருந்தா பொருளாதாரத்தில் நலிவடைந்த பிரிவு. 3-லிருந்து 6 லட்சம் வரைக்கும் குறைந்த வருவாய்ப் பிரிவு.

6 லட்சம் சம்பாதிக்கிற குடும்பத்தை எடுத்துக்குவோம். மாசம் 50,000. அதுல 30 சதவீதம் 15,000. அந்த இ.எம்.ஐ.-க்கு எவ்வளவு கடன் கிடைக்கும்? சுமார் 17 லட்சம். கைக்காசு 20 சதவீதம் சேர்த்தா அவங்களால வாங்க முடிஞ்சது 21, 22 லட்ச ரூபாய் வீடு. 3 லட்சம் சம்பாதிக்கிற குடும்பத்துக்கு இது இன்னும் பாதி, 11 லட்சத்துக்கும் குறைவு.

ஒரு சட்டம் "குறைந்த வருவாய்"னு சொல்ற குடும்பத்தால 22 லட்சம்தான் முடியும். இன்னொரு சட்டம் 45 லட்சத்தை "மலிவு"ன்னு சொல்லுது. ரெண்டும் ஒரே அரசாங்கத்தோட சட்டம். நடுவுல ஒரு 23 லட்ச ரூபாய் பள்ளம்.

இன்னொரு வேடிக்கை பாருங்க. "பொருளாதாரத்தில் நலிவடைந்த பிரிவு"ங்கிற இதே பேர்ல 2019-ல் ஒன்றிய அரசு 10 சதவீத இட ஒதுக்கீடு கொண்டு வந்தாங்க இல்லையா, அதுல வருமான வரம்பு எவ்வளவு? 8 லட்சம். வீடு கேட்டு வந்தா 3 லட்சம் தாண்டினவர் நலிவடைந்தவர் இல்லை. படிப்பு, வேலைன்னு வந்தா 8 லட்சம் வரைக்கும் நலிவடைந்தவர். வரையறைங்கிறது கல்லுல செதுக்கினது இல்லைன்னு இதுலயே தெரியுதா? மனுஷங்க உட்கார்ந்து, யாரை உள்ள விடணும், யாரை வெளிய நிறுத்தணும்னு முடிவு பண்ணி எழுதுறது.

■ மூன்றாவது அளவுகோல்: சதுர மீட்டர்

இப்பதான் மண்டல விதிக்கு வர்றோம். ஊரை வரைபடமாப் போட்டு, இது குடியிருப்பு, இது கலப்புக் குடியிருப்பு, இது வணிகம், இது தொழிற்சாலை, இது விவசாயம்னு கலர் அடிச்சுப் பிரிக்கிறது மண்டலம். ஒவ்வொரு கலர்லயும் என்ன கட்டலாம், எவ்வளவு உயரம், மனையோட பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிறது விதி. அந்த மடங்கைத்தான் எஃப்.எஸ்.ஐ.-னு சொல்றாங்க, தளப்பரப்புக் குறியீடு.

சென்னைப் பெருநகருக்கான இரண்டாம் முழுமைத் திட்டம் 2008 செப்டம்பர்ல நடைமுறைக்கு வந்துச்சு. அதோட வளர்ச்சி விதிகள்ல ஏழைங்களுக்காக ஒரு நல்ல ஷரத்து எழுதினாங்க. 10,000 சதுர மீட்டருக்கு மேல, அதாவது சுமார் ரெண்டரை ஏக்கருக்கு மேல நிலத்துல பெரிய குடியிருப்பு கட்டினா, பத்து சதவீத இடத்தைக் குறைந்த வருவாய்ப் பிரிவுக்கு ஒதுக்கணும். அங்க கட்டுற வீடு ஒவ்வொண்ணும் 45 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. அதே மனையில கட்டலாம், இல்லைன்னா 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ள வேற இடத்துல கட்டலாம். அந்த நோக்கத்துக்கு மட்டும்தான் விற்கணும். ரெண்டு வீட்டை ஒண்ணாச் சேர்க்கக் கூடாது.

எண்ணம் நல்ல எண்ணம்தான். எழுதினவங்களுக்கு நன்றியும் சொல்லலாம். ஆனா இந்த ஷரத்தை ஒரு வக்கீல் மாதிரி திரும்பப் படிங்க. அளவு இருக்கு, 45 சதுர மீட்டர். தூரம் இருக்கு, 2 கிலோமீட்டர். பங்கு இருக்கு, 10 சதவீதம். விலை எங்க? இல்லை. "குறைந்த வருவாய்"னு வார்த்தை இருக்கு, எத்தனை ரூபாய் வருமானம்னு எண் இல்லை. வாங்க வர்றவரோட வருமானச் சான்றை யார் பார்க்கணும்? சொல்லலை. வாங்கினவர் அடுத்த வருஷமே யாருக்கு வேணும்னாலும் விற்கலாமா? கால வரம்பு எதுவும் சொல்லலை.

45 சதுர மீட்டர்னா 484 சதுர அடி. ஒரு பேச்சுக்கு சதுர அடி 8,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். நகரத்துக்குள்ள இதை விட அதிகம் கேட்கிற இடம் எத்தனையோ இருக்கு. வீட்டு விலை 38 லட்சத்துக்கு மேல போயிடும். இதை யார் வாங்குவா? ஏற்கெனவே ஒரு வீடு வெச்சிருக்கிறவர் முதலீட்டுக்கு வாங்குவார். வாடகைக்கு விடுவார். சட்டத்தை மீறினாரா? மீறலை. விதி கேட்டது சின்ன வீடு, கட்டினது சின்ன வீடு. சின்ன வீடுன்னா ஏழை வீடுன்னு விதி தானா நினைச்சுக்கிச்சு, அவ்வளவுதான்.

தோழர்களே, இன்னைக்கு நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். அளவை மட்டும் வெச்சு வரையறை எழுதினா, அந்த வீடு காசு இருக்கிறவருக்குப் போகும். வருமானத்தையும் மாதச் செலவையும் வெச்சு எழுதினாத்தான் உழைக்கிறவருக்குப் போகும்.

■ ஒரு வார்த்தை மாறினால் என்ன ஆகும்? பம்பாய் கதை

"வார்த்தையில என்ன இருக்கு, அமல்படுத்துறதுதான் முக்கியம்"னு சில பேர் சொல்வாங்க. அவங்களுக்கு பம்பாயைக் காட்டுங்க.

மும்பையில ஊருக்கு நடுவுல, பரேல், லால்பாக், லோயர் பரேல் பக்கம் துணி மில்லுங்க. மொத்தம் 600 ஏக்கர் அளவுக்கு நிலம். 1982-ல் தத்தா சாமந்த் தலைமையில ரெண்டு லட்சத்துக்கும் மேல தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் பண்ணாங்க. அதுக்கப்புறம் மில்லுங்க ஒவ்வொண்ணா மூடிச்சு. நிலம் மட்டும் தங்கமா ஆச்சு.

1991-ல் மும்பையோட வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள்ல 58-வது விதி வந்துச்சு. மில் நிலத்தைப் புதுசாக் கட்டணும்னா ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு பூங்கா, விளையாட்டுத் திடல் மாதிரி பொதுவெளிக்கு. மூணுல ஒரு பங்கு அரசு வீட்டு வசதி அமைப்பான மாடாவுக்கு, சாதாரண மக்களோட வீட்டுக்கு. மீதி முதலாளிக்கு. எதுல மூணுல ஒண்ணு? மில்லோட மொத்த நிலத்துல.

2001-ல் அந்த விதியைத் திருத்தினாங்க. பங்கு அப்படியேதான் இருந்துச்சு. ஆனா எதுல பங்குங்கிறது மாறிப்போச்சு. மொத்த நிலத்துலன்னு இருந்ததை, கட்டடம் இல்லாத காலி நிலத்துலன்னு ஆக்கிட்டாங்க. மில்லுன்னா என்ன, நிலம் முழுக்க ஷெட்டுதான். காலி இடம் எவ்வளவு இருந்துடும்? பொதுவெளியும் போச்சு, மக்கள் வீடும் சுருங்கிப் போச்சு. வழக்குப் போட்டாங்க. 2005-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. 2006 மார்ச்சுல உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பி, 2001 திருத்தம் செல்லும்னு சொல்லிடுச்சு.

இன்னைக்கு அந்த இடத்துல மால் நிக்குது, கண்ணாடிக் கோபுரம் நிக்குது. வீடு கேட்டு லட்சத்துக்கும் மேல மில் தொழிலாளர் குடும்பங்கள் விண்ணப்பம் போட்டாங்க. குலுக்கல்ல சில ஆயிரம் பேருக்குக் கிடைச்சது. மூணுல ஒண்ணுங்கிற எண்ணை யாரும் தொடலை, தோழர்களே. அதுக்குப் பக்கத்துல இருந்த வார்த்தையை மட்டும் மாத்தினாங்க.

■ அமெரிக்காவில் எப்படி அளக்கிறாங்க?

வருமானத்தை வெச்சு வரையறை எழுதுறது நடக்கிற காரியமான்னு கேட்பீங்க. அமெரிக்காவுல பல ஊர்கள்ல ஐம்பது வருஷமா நடக்குது. அங்கயும் கோளாறு இருக்கு. ரெண்டையும் சொல்றேன்.

அங்க அடிப்படை எண், ஒரு பகுதியோட நடு வருமானம். ஊர்ல இருக்கிற குடும்பங்களை வருமான வரிசையில நிறுத்தினா நடுவுல நிற்கிற குடும்பத்தோட வருமானம். அதுல 80 சதவீதம் வரைக்கும் குறைந்த வருவாய், 50 வரைக்கும் மிகக் குறைவு, 30 வரைக்கும் அதிலும் அடிமட்டம். அந்தக் குடும்பத்தோட வருமானத்துல 30 சதவீதத்துக்குள்ள வாடகை அடங்கினா "அஃபோர்டபிள்". விலை, வருமானம், ஆள் எண்ணிக்கை மூணும் ஒரே வரையறைக்குள்ள வந்துடுது. வருஷா வருஷம் எண்ணைப் புதுப்பிக்கிறாங்க.

மசாசூசெட்ஸ் மாநிலத்துல 1969-லயே ஒரு சட்டம் போட்டாங்க. ஒரு ஊர்ல மொத்த வீட்டுல 10 சதவீதம் இப்படிப்பட்ட வீடா இல்லைன்னா, மலிவு வீடு கட்ட வர்றவங்களை உள்ளூர் மண்டல விதியைக் காட்டி அந்த ஊர் லேசுல தடுத்துட முடியாது. ஏன் இந்தச் சட்டம்? வசதியான ஊர்க்காரங்க மண்டல விதியையே வேலியா வெச்சிருந்தாங்க. மனை இவ்வளவு பெருசா இருக்கணும், அடுக்குமாடி கூடாது, இத்தனை படுக்கையறைக்கு மேல கூடாது. "ஏழை வராதே"ன்னு எந்த விதியிலயும் எழுதியிருக்காது. ஆனா ஏழை வர முடியாது.

நியூ ஜெர்சியில மவுண்ட் லாரல்னு ஒரு ஊர். அங்க தலைமுறை தலைமுறையா வாழ்ந்த கறுப்பினக் குடும்பத்துல பிறந்தவங்க எத்தல் லாரன்ஸ். தங்கள் மக்களுக்குக் கட்டுப்படியாகிற வீடு கட்ட ஊர் விதி இடம் கொடுக்கலைன்னு வழக்குல முன்னாடி நின்னாங்க. 1975-லயும் 1983-லயும் அந்த மாநில உச்ச நீதிமன்றம் ரெண்டு தீர்ப்பு கொடுத்துச்சு. ஒவ்வொரு ஊரும் தன் நியாயமான பங்குக்குக் குறைந்த வருவாய் மக்களுக்கும் இடம் கொடுக்கிற மாதிரி மண்டல விதி எழுதணும்னு அது சொல்லுது. அந்த அம்மா பேர்ல குடியிருப்பு எழுந்தது அவங்க இறந்த பிறகுதான். ஆனா எழுந்துச்சு. மண்டல விதியை எதிர்த்து ஒரு சாதாரணப் பெண் ஜெயிக்க முடியும்ங்கிறதுக்கு அது சாட்சி.

■ "தொழிலாளர் வீடு" என்ற அழகான வார்த்தை

இப்போ எச்சரிக்கையா கேளுங்க. அமெரிக்காவுல அஃபோர்டபிளுக்குப் பக்கத்துல இன்னொரு சொல் வளர்ந்துச்சு, "வொர்க்ஃபோர்ஸ் ஹவுசிங்". தொழிலாளர் வீடு. கேட்க எவ்வளவு இனிமையா இருக்கு! செவிலியர், ஆசிரியர், தீயணைப்பு வீரர் எல்லாம் தான் வேலை பார்க்கிற ஊர்லயே குடியிருக்கணும்ங்கிற நியாயமான எண்ணம். இதுக்கு நாடு முழுக்க ஒரே வரையறை கிடையாது. பெரும்பாலும் நடு வருமானத்துல 80-லிருந்து 120 சதவீதம் வரைக்கும் வெச்சுக்கிறாங்க.

நியூயார்க் நகரம் 2016-ல் ஒரு விதி கொண்டு வந்துச்சு. ஒரு பகுதியில கூடுதலாக் கட்ட மண்டலத்தை மாத்திக் கொடுத்தா, அங்க கட்டுற பில்டர் ஒரு பங்கை நிரந்தரமா மலிவு வீடாக் கொடுத்தே ஆகணும். இது நல்ல விதி. ஆனா வழி ஒண்ணு இல்லை, நாலு வெச்சாங்க. ஒண்ணுல 25 சதவீத இடம், சராசரி 60 சதவீத வருமானக் குடும்பங்களுக்கு. இன்னொண்ணுல 30 சதவீத இடம், 80 சதவீத வருமானத்துக்கு. மூணாவதுல 20 சதவீத இடம், 40 சதவீத வருமானத்துக்கு, அதாவது ரொம்ப ஏழைங்களுக்கு. நாலாவது வழியோட பேர்தான் "வொர்க்ஃபோர்ஸ்". 30 சதவீத இடம், சராசரி 115 சதவீத வருமானக் குடும்பங்களுக்கு.

2024 கணக்குப்படி நியூயார்க்குல மூணு பேர் குடும்பத்துக்கு 100 சதவீதம்னா ஆண்டுக்கு 1,39,800 டாலர். 115 சதவீதம்னா 1,60,000 டாலருக்கு மேல. 40 சதவீதம்னா 56,000 டாலருக்குள்ள. ரெண்டும் ஒரே விதிக்குள்ள, ஒரே "மலிவு" கணக்குல சேருது. ஹோட்டல்ல தட்டு கழுவுறவர், துப்புரவு வேலை செய்றவர் எல்லாம் தொழிலாளர் இல்லையா? "தொழிலாளர் வீடு"ங்கிற வழியில அவங்களுக்கு இடமே இல்லை. போதாக்குறைக்கு அந்த நடு வருமானக் கணக்குல நகரை ஒட்டின வசதியான புறநகரையும் சேர்க்கிறாங்க. அதனால எண்ணே உசந்துடுதுன்னு அங்க இருக்கிற வாடகைதாரர் அமைப்புகள் விடாம கேட்டுக்கிட்டு இருக்காங்க.

பாடம் என்ன? வருமானத்தை வெச்சு எழுதினா மட்டும் போதாது. எந்த ஊரோட வருமானம், எத்தனை சதவீதம்ங்கிற எண்ணையும் நாம காவல் காக்கணும்.

■ நம்ம ஊர் தொழிலாளருக்கு என்ன?

இங்க "தொழிலாளர் குடியிருப்பு"ன்னா இப்போ பெரும்பாலும் படுக்கைக் கணக்கு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால்ல சிப்காட் கட்டின குடியிருப்பு 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க. 18,720 பெண் தொழிலாளர் தங்குற அளவு. இதை நாம குறை சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பர்ல அந்தப் பக்கம் ஒரு விடுதியில சாப்பாடு கெட்டுப்போய் நூற்றுக்கும் மேல பெண்கள் உடம்பு முடியாமப் போனதும், அவங்க தேசிய நெடுஞ்சாலையில உட்கார்ந்து போராடினதும் யாருக்கும் மறக்கலை. பாதுகாப்பான தங்குமிடம் அவசியம்.

ஆனா படுக்கை வேற, வீடு வேற. இருபது வயசுல விடுதி சரி. கல்யாணம் ஆனா? குழந்தை பிறந்தா? அம்மாவைக் கூட வெச்சுக்கணும்னா? விடுதியில இடமில்லை, ஊருக்குள்ள வாடகை கட்டுப்படியாகாது. வேலையை விட்டுட்டு ஊருக்குப் போகணும். அப்போ அந்த விதி தொழிலாளரோட இளமைக்கு மட்டும்தான் இடம் கொடுக்குது.

இன்னொரு பக்கம், நகரத்தைக் கட்டினவங்களை நகரத்துக்கு வெளிய அனுப்பினோம். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். அங்க வீடு கொடுத்தாங்க, உண்மை. ஆனா மந்தைவெளியில வீட்டு வேலை செஞ்ச அக்காவுக்கு பெரும்பாக்கத்துல வீடு கிடைச்சா பஸ்லயே தினம் ரெண்டு மூணு மணி நேரம் போயிடும். பல பேர் அந்த வேலையையே விட்டாங்க. வாடகை மலிவாகி, வேலை போச்சுன்னா அந்த வீடு மலிவா? பயணச் செலவையும் பயண நேரத்தையும் சேர்க்காத எந்த வரையறையும் பாதி வரையறைதான்.

■ பில்டர் கேட்கிற கேள்வி

கூட்டத்துல ஒருத்தர் கண்டிப்பா எழுந்து கேட்பார். "இப்படிக் கட்டாயப்படுத்தினா பில்டர் செலவை மத்த வீட்டு விலையில ஏத்த மாட்டாரா? கட்டுறதையே நிறுத்திட்டா?" நியாயமான கேள்வி. சிரிச்சுக் கடந்து போகாதீங்க, பதில் சொல்லுங்க.

நிலத்தோட விலை எப்படி உசருது? மெட்ரோ வந்தா உசருது. ரோடு அகலமானா உசருது. எஃப்.எஸ்.ஐ. கூட்டினா உசருது. 2019-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தப்போ சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. ஒன்றரையிலிருந்து ரெண்டாச்சு. உயரமான கட்டடத்துக்கு அதிகபட்சம் ரெண்டரையா இருந்தது மூன்றே கால் ஆச்சு. அரசு போட்ட ஒரு கையெழுத்துல அதே நிலத்துல மூணுல ஒரு பங்கு கூடுதலாக் கட்டலாம். அந்தக் கூடுதல் மதிப்பை உருவாக்கினது பில்டர் இல்லை, பொதுமக்களோட அரசாங்கம். அதுல ஒரு பங்கை மலிவு வீடாத் திருப்பிக் கேட்கிறது அநியாயமா? கூடுதலாக் கொடுக்கும்போதே கேட்கணும். கொடுத்து முடிச்ச பிறகு கேட்டா கிடைக்காது. நியூயார்க் விதியோட சாரமும் அதுதான்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். பங்கை ரொம்ப அதிகமா வெச்சா நிஜமாவே யாரும் கட்ட மாட்டாங்க. அதனால நம்ம கோரிக்கை நடக்கக் கூடியதா, கணக்கோட இருக்கணும்.

■ நாம் கேட்பது என்ன?

இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்கும் போட்டது. அடுத்த இருபது வருஷத்துக்கான மூன்றாம் முழுமைத் திட்ட வேலையை சி.எம்.டி.ஏ. செஞ்சுக்கிட்டு இருக்கு. அதுல எழுதுற ஒரு பத்தி, இப்போ பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க நாளைக்கு எங்க குடியிருப்பாங்கன்னு முடிவு பண்ணும். அதனால ஆறு கோரிக்கை.

1. மலிவு வீட்டோட வரையறையில பரப்பளவு மட்டும் போதாது. எந்த வருமானக் குடும்பத்துக்குன்னு எண்ணும், மாதச் செலவு அந்த வருமானத்துல 30 சதவீதத்துக்குள்ளன்னு வரம்பும் விதியிலயே இருக்கணும்.

2. வருமானக் கணக்கு அந்த நகரத்துல உழைக்கிற மக்களோட வருமானமா இருக்கணும். நாள்கூலி, ஆட்டோ, வீட்டு வேலை செய்றவங்களும் அந்தக் கணக்குக்குள்ள வரணும். சம்பள ரசீது இல்லைன்னு யாரையும் தள்ளக் கூடாது.

3. ஒதுக்குற பங்கைப் பிரிச்சு எழுதணும். மிகக் குறைந்த வருவாய்க்கு இவ்வளவு, அடுத்த படிக்கு இவ்வளவுன்னு. "தொழிலாளர் வீடு"ங்கிற பேர்ல நடுத்தர வருமான வீட்டைக் கட்டி ஏழையோட பங்கைக் கழிக்கக் கூடாது. விடுதிப் படுக்கையை வீடுன்னு எண்ணக் கூடாது.

4. விற்பனை வீடு மட்டும் போதாது, வாடகை வீடும் அந்தப் பங்குல இருக்கணும். 9 லட்சம் கைக்காசு இல்லாதவங்களுக்கு வாடகைதான் வழி.

5. அதே வளாகத்துலயே கட்டணும். முடியலைன்னா பஸ், ரயில், பள்ளிக்கூடம் நடந்து போற தூரத்துல இருக்கணும். வரைபடத்துல ரெண்டு கிலோமீட்டர் வட்டம் போட்டா, நடுவுல ஏரியும் ஹைவேயும் இருந்தாலும் அது "பக்கம்"தான்.

6. குறைஞ்சது 20 வருஷத்துக்கு மறுவிற்பனையும் வருமான வரம்புக்குள்ளதான். எந்தத் திட்டத்துல எத்தனை வீடு, யாருக்கு ஒதுக்கினாங்கன்னு பொது இணையதளத்துல பட்டியல் வேணும். பட்டியல் இல்லாத ஒதுக்கீடு காகிதத்துலதான் இருக்கும்.

■ நம்ம வேலை

கோரிக்கை எழுதிட்டு வீட்டுக்குப் போறதுக்கு நாம இங்க கூடலை. மூணு வேலை கொடுக்கிறேன்.

முதல் வேலை. உங்க வட்டத்துல ரெண்டரை ஏக்கருக்கு மேல எழும்பின, எழும்பிக்கிட்டு இருக்கிற குடியிருப்புத் திட்டங்களைப் பட்டியல் எடுங்க. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல, 10 ரூபாய் கட்டணத்துல கேளுங்க: இந்தத் திட்டத்துல குறைந்த வருவாய்ப் பிரிவுக்கு எத்தனை வீடு காட்டி பிளான் அப்ரூவல் வாங்கினாங்க? எந்த இடத்துல? கட்டி முடிச்சாங்களா? 30 நாள்ல பதில் வரணும். வரலைன்னா மேல்முறையீடு.

ரெண்டாவது வேலை. பத்து குடும்பத்தோட உட்கார்ந்து கணக்கு எழுதுங்க. சம்பளம், வாடகை, கரண்ட் பில், பஸ் செலவு, வேலைக்குப் போற நேரம். பேர் வேண்டாம், எண் போதும். அதிகாரி முன்னாடி ஆவேசமா பேசுறதை விட பத்து குடும்பத்தோட கணக்கு அதிகம் பேசும்.

மூணாவது வேலை. முழுமைத் திட்டத்தோட வரைவு வெளிவந்தா மக்கள் எழுத்துல ஆட்சேபம், ஆலோசனை கொடுக்கலாம். சட்டம் கொடுத்த உரிமை அது. இதுவரைக்கும் அதை யார் பயன்படுத்தினாங்க? நிலம் வெச்சிருக்கிறவங்கதான், தன் சர்வே எண்ணோட கலரை மாத்தச் சொல்லி எழுதுவாங்க. வாடகை வீட்டுல இருக்கிறவர் எழுத மாட்டார், ஏன்னா அவருக்கு சர்வே எண்ணே இல்லை. இந்த முறை அவரும் எழுதணும். ஒவ்வொரு வட்டத்துலயும் ஒரு மேஜை போடுங்க. நம்ம ஆறு கோரிக்கையோட அவங்க சொந்தக் கணக்கையும் சேர்த்து எழுத உதவி பண்ணுங்க. கையெழுத்து போடத் தெரியாதவங்க கைநாட்டு வைக்கட்டும்.

தோழர்களே, ஊருக்குள்ள யார் வாழலாம்ங்கிறதை ஒரு காலத்துல சாதி சொல்லிச்சு. ஊர் வேற, சேரி வேறன்னு பிரிச்சு வெச்சாங்க. இன்னைக்கு அதே வேலையைச் சத்தமில்லாம செய்ய ஒரு வரைபடமும் ஒரு வரையறையும் போதும். யாரையும் திட்ட வேண்டாம், விரட்ட வேண்டாம். விலை விரட்டிடும். அந்த வரையறையை எழுதுற மேஜைக்கு நாம போகலைன்னா, நமக்குப் பதிலா வேற யாராவது போவாங்க.

இந்த ஊரோட தெருவைப் பெருக்குறவரும், ஆஸ்பத்திரியில ராத்திரி முழிச்சிருக்கிறவரும், மெட்ரோ தூணுக்குக் கம்பி கட்டினவரும் இதே ஊர்ல குடியிருக்கணும். அதை விதியில எழுத வைப்போம்.



👉 உங்கள் பகுதியில் இப்படி ஒதுக்கப்பட்ட வீடுகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் கருத்துப் பெட்டியில் பகுதியின் பெயரை மட்டும் எழுதுங்கள். தனிநபர் விவரம் வேண்டாம்.

#மலிவு_யாருக்கு #உழைப்பவருக்கும்_ஊரில்_வீடு #மூன்றாம்_முழுமைத்_திட்டம்